ஒரு வரிக்கு ஒரு பெயர்

எங்கள் அலுவலகத்தில் ஒருவனுக்குத் துடைப்பம் என்று பெயர். கணினி நிரல் வரிகளுக்கு முன்னால் தாறுமாறாகக் கிடக்கும் இடைவெளிகளைப் பெருக்கித் தள்ளுவதில் அவனுக்கு அப்படி ஒரு இன்பம். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒன்பதாயிரம் வரிகளை ஒழுங்குபடுத்தினான். அன்றிலிருந்து அந்த ஒன்பதாயிரம் வரிகளையும் எழுதியவன் அவன்தான் என்று ஆகிவிட்டது. எதில் கோளாறு வந்தாலும், "இந்த வரியை யார் எழுதினது?" என்று கணினியைக் கேட்டால் துடைப்பத்தைக் காட்டும். பெயரைக் காட்டுகிற அந்தப் பழைய கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடைசியாக யார் தொட்டாரோ அவர் தலையில் கட்டிவிடும்.

"வீட்டைக் கூட்டினவன்கிட்ட வந்து, சுவர் ஏன் விரிஞ்சிருக்குன்னு கேக்குறீங்களே" என்று அவன் புலம்புவான். நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பு ஒரு நாள் நின்றது. வாடிக்கையாளர் ஒருவர் அவனை நேரில் அழைத்து உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். அதற்குப் பிறகுதான், வரியின் உண்மையான வரலாற்றைச் சொல்கிற புதுக் கருவி ஒன்றைச் செய்யச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

நாங்கள் எழுதுவது விளையாட்டு மென்பொருள் இல்லை. மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி நரம்புக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற இயந்திரம், அதற்குள் ஓடுகிற நிரல். பன்னிரண்டு வருடத்தில் நாற்பது பேர் கை வைத்தது. பாதிப்பேர் இப்போது இங்கே இல்லை.

நான் முதலில் வரைந்த வடிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் முழுப் பரம்பரையும் தெரியும். யார் எழுதினார், யார் திருத்தினார், எந்தக் கோப்பிலிருந்து எதற்கு இடம் மாறியது, எல்லாம். மேலாளர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நம் வேலையில் பாதியைக் குப்பையில் போடப் போகிறார் என்று அர்த்தம்.

"இவ்வளவு பேரை யாரு படிக்கிறது? ஒரு வரிக்கு ஒரு பேரு. பக்கத்துல ஒரே ஒரு பேரு வந்தா போதும்."

"ஒரு வரியை ஒருத்தர் மட்டும் எழுதுறதில்ல சார்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். படிக்கிறவங்களுக்கு ஒரு பேருதான் வேணும்."

எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்யும். சரி, ஒரு பெயர்தானே, அதையாவது ஒழுங்காகக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு வரியை யாராவது மாற்றினால், பழைய வரிக்கும் புது வரிக்கும் நூற்றுக்கு எவ்வளவு ஒற்றுமை என்று கருவி எண்ணும். ஒற்றுமை அதிகம் என்றால் அது அதே வரி, சின்னத் திருத்தம்தான், முதலில் எழுதியவர் பெயரே நிற்கும். குறைவு என்றால் பழைய வரி முடிந்தது, புது வரி பிறந்தது, மாற்றியவர் பெயர் ஏறும். அதிகம், குறைவு என்று பிரிக்க நடுவில் ஒரு எண் வேண்டும். அந்த எண்ணை நான் குருட்டாம்போக்கில் போடவில்லை. ஆயிரம் ஜோடி வரிகளை அச்சிட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, இது அதே வரிதானா, வேறா என்று இரண்டு வாரம் என் கையாலேயே குறித்தேன். எண்பது வந்தது. பிப்ரவரியில் எண்பது என்று எழுதி முடித்தபோது, வாழ்க்கையில் ஒரு எண்ணையாவது நேர்மையாகச் சம்பாதித்தோம் என்று தோன்றியது.

துடைப்பம் அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தந்தான். அவன் பெயர் ஒன்பதாயிரம் வரிகளிலிருந்தும் ஒரே நொடியில் உதிர்ந்து போயிருந்தது.

ஜூலையில் ஒரு பெண் இறந்துபோனாள். முப்பத்து நான்கு வயது. சின்ன அறுவை சிகிச்சை முடிந்து, வலிக்கான மருந்து எங்கள் இயந்திரம் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. அவசரத்தில் செவிலியர் அவளுடைய எடையைப் பதிவு செய்யவில்லை. எடை தெரியாவிட்டால், அந்த உடம்பு எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியாவிட்டால் அது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று தேடினால் நிரலில் ஒரே ஒரு வரி. நம் பேச்சில் சொன்னால், ‘எடை தெரியவில்லை என்றால், தொடர்.’

மேலாளர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "நாலு மணிக்கு விசாரணை அதிகாரி வர்றாங்க. இந்த வரியை யாரு எழுதினதுன்னு உங்க கருவியில பாத்து அறிக்கை எடுத்துடுங்க. யாரு பேரு வருதோ அவங்க மேலதான் வழக்கு. ஜெயில் வரைக்கும் போகும்ங்கறாங்க."

அவர் போனதும் கருவியை ஓட்டினேன். வரிக்குப் பக்கத்தில் என் தம்பியின் பெயர் வந்தது.

அவன் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தான். குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. தூக்கம் போதாமல் பகலிலும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். "அவனை உன்கூடவே வச்சுக்கோ" என்று அம்மா சொன்னாள், வைத்துக்கொண்டேன்.

கருவியின் அடிமட்டத்தில், ஒவ்வொரு மாற்றமும் பதிவாகிக் கிடக்கிற இடத்தில், போய்த் தோண்டிப் பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த வரியை முதலில் எழுதியவர் அரைப்புள்ளி. ‘எடை தெரியவில்லை என்றால், நிறுத்து.’ அரைப்புள்ளி எங்களுக்கு மூத்த பொறியாளர். நிரல் வரியின் முடிவில் போட எல்லோரும் மறந்துபோகிற அந்தக் குட்டிக் குறியை ஒரு நாளும் மறக்காதவர், பேசும்போதும் பாதி வாக்கியத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்கிறவர். அதனால் அந்தப் பெயர். பார்வை மங்கி, இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டார். அவர் எழுதிய ‘நிறுத்து’ என்ற சொல்லை, மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ‘தொடர்’ என்று என் தம்பி மாற்றியிருந்தான். அப்போது அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். காரணமும் எழுதியிருந்தான்: ‘இயந்திரம் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று செவிலியர்கள் குறை சொல்கிறார்கள். சரிசெய்தேன்.’

அந்தக் கடைசிச் சொல்லை இரண்டு தடவை படித்தேன்.

இரண்டு வரிக்கும் ஒற்றுமை எழுபத்து நான்கு. எண்பதைவிடக் குறைவு, அதனால் புது வரி, அதனால் அவன் பெயர். கருவி சரியாகத்தான் சொல்லியிருந்தது. எழுத்தை மட்டும் எண்ணத் தெரிந்த கருவிக்கு, அன்றைக்கு அர்த்தமும் சேர்ந்து பொருந்தியது தற்செயல். நான் குறித்த ஆயிரம் ஜோடிகளில், ஒரே சொல்லில் அர்த்தம் தலைகீழாகிற இப்படி ஒரு ஜோடியும் இல்லை.

பதினோரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு எண்பதை அழித்து எழுபது என்று போட்டேன். கருவியை மறுபடி ஓட்டினேன். வரி அப்படியேதான் இருந்தது, ‘எடை தெரியவில்லை என்றால், தொடர்.’ பக்கத்தில் அரைப்புள்ளியின் பெயர், எட்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு, அவர் அப்படியே எழுதி வைத்த மாதிரி வந்து உட்கார்ந்தது.

அறிக்கையை அச்சிட்டேன். கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை.

விசாரணை அதிகாரி என் வயதுப் பெண். நிரல் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார்.

"ஒரு பேரு வருதுல்ல, அது எப்படி வருது?"

சொன்னேன். ஒற்றுமை, வரம்பு, எழுபது. அவர் நோட்டில் எழுபது என்று எழுதி வட்டம் போட்டார்.

"இந்த எழுபதை யாரு போட்டது?"

"நான்தான்."

"எப்ப?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார், "உங்க கருவிக்கும் வரி இருக்குமில்ல? அதையும் அதே கருவியில போட்டுக் காட்டுங்களேன்."

பக்கத்தில் நின்ற மேலாளர் பெருமையாகத் தலையாட்டினார். நான் விசைகளைத் தட்டினேன். கையும் களவுமாகப் பிடிபடப் போகிறேன் என்று தெரிந்தும், ஒரு ஓரத்தில் நிம்மதி போல ஏதோ ஒன்று வந்தது. இதோடு முடிந்தது, நான் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

திரையில் வரி வந்தது. ‘ஒற்றுமை வரம்பு எழுபது.’ பக்கத்தில் என் பெயர். தேதி, பிப்ரவரி.

ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எட்டு போய் ஏழு வந்தது, ஒரே ஒரு இலக்கம். பழைய வரிக்கும் புதிய வரிக்கும் ஒற்றுமை தொண்ணூற்றாறு. ஆகவே அதே வரி, சின்னத் திருத்தம், பழைய தேதி. நான் செய்த கருவி எனக்காகப் பொய் சொல்லிவிட்டது. அதுவும் நான் கேட்காமலே.

"பிப்ரவரி" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். "விபத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடி. சரி, அப்ப இதுல சந்தேகமில்ல."

அவர்கள் போனதும் தம்பி என் அறை வாசலில் நின்றான். கையில் காலித் தண்ணீர் பாட்டில்.

"அக்கா, அந்தப் பகுதியில நானும் கொஞ்ச நாள் வேலை பாத்திருக்கேன். அது நான் இல்லியே?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்டா. போய் வேலையப் பாரு."

அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அவன் பொய் சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவனுக்கு உண்மையாகவே நினைவில்லை. மூன்று நிமிட வேலை. யாருக்குத்தான் நினைவிருக்கும்?

ஆகஸ்டில் அரைப்புள்ளி தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் பாதியில் நிற்கும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, வீட்டுக்கு ஆள் வந்திருந்தாங்க. அந்தத் தாளை என் பையன்... படிச்சுக் காமிச்சான். நான் ‘தொடர்’னு எழுதியிருக்கேனாம்."

"ஆமா சார்."

"‘நிறுத்து’ன்னு எழுதினதாத்தான்... ஞாபகம். எட்டு வருஷமாச்சு. நீ அந்தக் கருவியில இன்னொரு தடவை பாத்துச் சொல்றியா?"

"பாக்கறேன் சார்."

"கருவி அப்படிச் சொன்னா அது சரியாத்தான் இருக்கும். நான்தான் ஏதோ... அந்தச் சமயம் கண்ணு வேற சரியில்ல." பிறகு கேட்டார், "அந்தப் பொண்ணுக்கு முப்பத்தி நாலு வயசாமே?"

அன்றைக்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. என்மேல் சந்தேகப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் தன்மேல் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. வழக்கின் முதல் விசாரணை நவம்பர் கடைசித் திங்கள் என்று தகவல் வந்தது. வழக்குக்குச் சான்று என்பதால் அந்த வரியை அப்படியே விட்டு, எடை தெரியாவிட்டால் நிறுத்துகிற வேறொரு சோதனையை ஜூலையிலேயே அதற்கு மேலே சேர்த்திருந்தார்கள்.

இதற்கிடையில் அலுவலகத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்க விரும்பவில்லை. அரைப்புள்ளிக்கு வந்த கதியைப் பார்த்த பிறகு யாருக்கும் தன் பெயர் எந்த வரியிலும் ஏறுவது பிடிக்கவில்லை. எழுபது என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு வரியைப் புதிதாக எழுதினால் பெயர் ஏறும். இருக்கிற வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் ஏறாது. அவ்வளவுதான், எல்லோரும் ஒற்றைச் சொல்காரர்கள் ஆகிவிட்டார்கள். பெரிய மாற்றம் தேவைப்பட்டால் இன்றைக்கு ஒரு சொல், நாளைக்கு ஒரு சொல் என்று தவணையில் மாற்றினார்கள். யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. மனிதர்கள் மழையில் நனையாமல் நடக்கக் கற்றுக்கொள்வதற்குக் கூட்டம் போட வேண்டியதில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. மறுநாள் இயந்திரத்தின் புதுப் பதிப்பு எல்லா மருத்துவமனைகளுக்கும் போகவேண்டும். வழக்கமான கணக்கெடுப்புக்காக, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை புது வரிகள் பிறந்திருக்கின்றன என்று கருவியைக் கேட்டேன்.

பூஜ்யம் என்றது.

கோளாறு என்று நினைத்து மறுபடி கேட்டேன். பூஜ்யம். முப்பது பேர் மூன்று மாதம் காலை முதல் மாலை வரை தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒரு வரிகூடப் பிறக்கவில்லை. நிரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். ஓரத்தில் வரிசையாக நின்ற பெயர்களில் நிறையப் பேர் வேலையை விட்டுப் போனவர்கள். இரண்டு பேர் உயிரோடு இல்லை. அவர்கள்தான் இந்த இயந்திரத்தை நேற்று வரை எழுதிக்கொண்டிருந்ததாகக் கருவி சொன்னது.

அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு கோரிக்கை வந்தது. தம்பி அனுப்பியிருந்தான், அந்த வாரம் பார்த்து ஒப்புதல் தருகிற முறை என்னுடையது. பழைய வரி, ‘குழாயில் காற்றுக் குமிழி தெரிந்தால், நிறுத்து.’ புது வரி, ‘குழாயில் காற்றுக் குமிழி தெரிந்தால், தொடர்.’ ஒற்றுமை எழுபத்தாறு. பக்கத்தில் அரைப்புள்ளியின் பெயர்.

அவனை உள்ளே கூப்பிட்டேன்.

"என்னடா இது?"

"சின்னக் குமிழிக்கெல்லாம் நின்னுடுதாம்க்கா. நர்ஸுங்க கத்துறாங்க."

"குமிழி ரத்தத்துல போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

"அதுக்குத் தனியா வேற ஒரு சோதனை இருக்கும்ல." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "ஒரே ஒரு வார்த்தைதானேக்கா. வரி அவரோடதுதான்."

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் பால்கறை சட்டைத் தோளில் இருந்தது. கெட்டவன் இல்லை. சோம்பேறியும் இல்லை. அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த நினைப்பு அப்போது என்னைவிட்டுப் போனது. ஜூலையில் அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், ‘நிறுத்து’ என்ற சொல்லை ஆயுளுக்கும் அவன் தொட்டிருக்க மாட்டான்.

"இது வேண்டாம்" என்று சொல்லிக் கோரிக்கையை நிராகரித்தேன். அவன் தோளைக் குலுக்கினான்.

"சரி. ஆனா இதே மாதிரி நாலஞ்சு ஏற்கெனவே போயிருக்கே. துடைப்பமும் ரெண்டு மூணு போட்டான்."

"எங்கெங்க?"

"ஞாபகமில்லக்கா. கருவியில பாரேன்."

கருவியில் பார்க்க முடியாது. அதுதான் விஷயம். எழுபது இருக்கும் வரைக்கும் அவையெல்லாம் அரைப்புள்ளியின் பழைய வரிகள். அடிமட்டத்தில் ஒவ்வொன்றாகத் தோண்டலாம், ஒரு மாதம் ஆகும். பதிப்பு நாளைக்குப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே நொடியில் வெளியே கொண்டுவர ஒரு வழிதான் உண்டு. எழுபதை எண்பதாக்க வேண்டும். ஆக்கினால் ஜூலை வழக்கின் வரியும், தம்பியின் பெயரோடு, வெளியே வரும்.

தம்பி போய்த் தன் மேசையில் உட்கார்ந்தான். கண்ணாடி வழியே அவன் பின்கழுத்து தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு நான் கைபிடித்துக் கூட்டிப்போன காலத்தில் இருந்த அதே சுழி. நான் எதற்கும் லேசில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதேன், சத்தமில்லாமல், கதவைச் சாத்திவிட்டு.

பிறகு விசாரணை அதிகாரிக்கு எழுதினேன். நீட்டி முழக்கவில்லை. அந்த எழுபது பிப்ரவரியில் போட்டது அல்ல, நீங்கள் வந்த அன்றைக்கு உங்களுக்கு மூன்று மணி நேரம் முன்னால் நான் மாற்றியது, அடிமட்டப் பதிவை இத்துடன் இணைத்திருக்கிறேன், அந்த வரியில் மூத்த பொறியாளர் எழுதிய சொல் ‘நிறுத்து’. அனுப்பினேன். நாளைய பதிப்பை நிறுத்தும்படி மேலாளருக்கு ஒரு வரி அனுப்பினேன். அவர் கண்ணாடியைத் துடைப்பார் என்று நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வரவில்லை.

தம்பியிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து கதவு வரைக்கும் போனேன். அவன் கைபேசியில் குழந்தையின் படத்தைத் துடைப்பத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

எழுபதை அழித்து எண்பது போட்டேன்.

எல்லோருடைய திரையிலும் ஒரே நிரல்தான் திறந்திருந்தது. ஓரத்தில் அரைப்புள்ளியின் பெயர் ஒன்றொன்றாகக் கழன்றது. அந்த இடங்களில் இன்றைய பெயர்கள் ஏறத் தொடங்கின. துடைப்பம், அவனுக்குப் பக்கத்து மேசைக்காரி, தம்பி, மறுபடி துடைப்பம். அறைக்கு வெளியே தட்டச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மேசையிலிருந்து தம்பி திரும்பினான். சிரித்த முகம்தான்.

"அக்கா, உன் கருவியில ஏதோ கோளாறு. அந்தப் பொண்ணு செத்த வரியில என் பேரு காட்டுது."